இதய அறுவையில் உடல் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கருவியில் கிருமி சேராமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்?

கேள்வி: அப்பாவுக்கு அடுத்த மாதம் கோலாலம்பூரில் வால்வு மாற்று அறுவை. அறுவையின்போது உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியின் தண்ணீரில் கிருமி வளர்ந்து, வருஷக் கணக்கில் கழித்து நோயாக வரும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா? எப்படித் தடுக்கிறார்கள்? மருத்துவமனையில் நாங்கள் எதைக் கேட்க வேண்டும்? அறுவையைத் தள்ளிப்போடலாமா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தக் காரணத்துக்காகத் தள்ளிப்போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்தது பொய் இல்லை, ஆனால் அளவு தெரியாமல் சொல்லப்பட்ட உண்மை. இந்தத் தொற்று ஒருவருக்காவது வந்த மருத்துவமனைகளை மட்டும் எடுத்துக்கொண்டு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் போட்ட கணக்கிலேயே ஆபத்து 100 பேரில் ஒருவர் முதல் 1,000 பேரில் ஒருவர் வரைதான். தொற்றே வராத இடங்களில் இன்னும் குறைவு. மாற்ற வேண்டிய வால்வை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருப்பார்.

நான் டாக்டர் இல்லை. கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் பயோமெடிக்கல் பிரிவில் இருக்கிறேன், இந்த மாதிரிக் கருவிகளைக் கழுவுவதும் சர்வீஸ் செய்வதும் என் பிழைப்பு. அதனால் கருவியைப் பற்றி விரிவாகவும், மருத்துவத்தைப் பற்றிச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

இதயத்தை நிறுத்தி அறுவை செய்யும்போது ரத்தம் உடலுக்கு வெளியே ஹார்ட்-லங் மெஷின் வழியாகச் சுற்றி வரும். வெளியே வந்த ரத்தம் ஆறத்தானே செய்யும், அதைச் சூடாக வைத்திருக்க வேண்டும். சில சமயம் வேண்டுமென்றே குளிரவும் வைப்பார்கள், ஏனென்றால் குளிர்ந்த உடலுக்கு ஆக்சிஜன் தேவை குறைவு. பெருந்தமனி வளைவில் செய்யும் பெரிய அறுவைகளில் 18 டிகிரி செல்சியஸ் வரைகூட இறக்குவது உண்டு. முடிக்கும் நேரத்தில் மெல்ல மெல்ல 37க்குக் கொண்டுவர வேண்டும். இதைச் செய்வது ஹீட்டர்-கூலர் என்ற இடுப்புயரப் பெட்டி. உள்ளே தண்ணீர் டேங்குகள், பம்பு, கம்ப்ரசர், பின்பக்கமோ பக்கவாட்டிலோ ஒரு ஃபேன். தண்ணீர் ஹோஸ் வழியாக, ரத்தத்தில் ஆக்சிஜன் சேர்க்கும் ஆக்சிஜனேட்டருக்கும், நோயாளியின் கீழே விரித்த மெத்தைக்கும் போய்த் திரும்பி வரும்.

அந்தத் தண்ணீர் ரத்தத்தைத் தொடுவதே இல்லை. நடுவில் சுவர் இருக்கிறது. அதனால்தான் ரொம்ப காலம் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விஷயம் வெளிப்பட்டது சூரிச்சில். 2013இல் அங்கிருந்து இரண்டு நோயாளிகளைப் பற்றிய அறிக்கை வந்தது. 2015இல் அதே சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனைக் குழு ஆறு பேராகக் கணக்குச் சொன்னது. எல்லோரும் திறந்த இதய அறுவை செய்துகொண்டவர்கள். அறுவை முடிந்து ஒன்றரை வருஷத்திலிருந்து மூன்றரை வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான் நோய் தெரிந்தது. கிருமியின் பெயர் மைக்கோபாக்டீரியம் கைமேரா. காசநோய்க் கிருமிக்குத் தூரத்துச் சொந்தம், தனி இனமாக அடையாளம் கண்டதே 2004இல்தான். மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் இருக்கும். நாமெல்லாம் தினமும் அதோடுதான் வாழ்கிறோம், ஒன்றும் செய்யாது. ஆனால் புது வால்வின் மேலோ செயற்கை ரத்தக் குழாயின் மேலோ போய் உட்கார்ந்துவிட்டால் கதை வேறு. பதிவான நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைக்கவில்லை.

தண்ணீர் தொடவில்லை என்றால் கிருமி எப்படிப் போனது? காற்றில். டேங்கில் தண்ணீர் சுழலும்போது சின்னச் சின்னக் குமிழிகள் உடைந்து கண்ணுக்குத் தெரியாத துளிகள் கிளம்பும். டேங்க் மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் அவை பெட்டிக்குள் வந்துவிடும். பெட்டியைக் குளிர்விக்கிற ஃபேன் அதை அப்படியே அறைக்குள் ஊதித் தள்ளும். சூரிச்சில் புகை விட்டுச் சோதித்துப் பார்த்தபோது, கூரையிலிருந்து இறங்கும் வடிகட்டிய காற்றையும் மீறி அந்தப் புகை அறுவை மேசைப் பக்கம் போனது. நெஞ்சு மணிக்கணக்கில் திறந்திருக்கிறது, புது வால்வு வெளியே இருக்கிறது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அப்போது உலகெங்கும் அதிகம் புழங்கியது சோரின் நிறுவனத்தின் ஸ்டாக்கர்ட் 3T என்ற ஹீட்டர்-கூலர். அமெரிக்காவில் பத்துக்கு ஆறு அதுதான். நிறுவனம் பிறகு லிவாநோவா ஆனது. 2014 ஆகஸ்டில் ஜெர்மனியில் இருக்கும் அதன் தொழிற்சாலையிலேயே, தயாரிப்பு வரிசையிலும் தண்ணீரிலும், இந்தக் கிருமி கிடைத்தது. பல நாட்டு நோயாளிகளிடம் எடுத்த கிருமியும் கருவிகளில் எடுத்த கிருமியும் பெரும்பாலும் ஒரே கிளையைச் சேர்ந்தவை என்று 2017இல் மரபணு ஆய்வு காட்டியது. அதாவது சில கருவிகள் பெட்டி பிரிக்கும் முன்பே கிருமியோடு வந்திருக்கின்றன. இந்தச் செய்தி படித்த அன்று எங்கள் பிரிவில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நாம் கழுவாததால் வந்தது என்றால் திருத்திக்கொள்ளலாம், வரும்போதே இருந்தால் என்ன செய்வது?

சரி, தடுப்புக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் பாதி வேலை கருவியை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. ஃபேன் மேசையைப் பார்க்கக் கூடாது. முடிந்தவரை தள்ளி, வெளிக்காற்று போகும் துவாரத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். இன்னும் நல்லது, கருவியை அறுவை அறைக்கு வெளியே நிறுத்தி, சுவரில் துளை போட்டு ஹோஸை மட்டும் உள்ளே கொண்டுவருவது. ஐரோப்பாவில் பல இடங்களில் அப்படிச் செய்திருக்கிறார்கள். சூரிச்சில் கருவியையே ஒரு கூண்டுக்குள் அடைத்து, அதன் காற்றை அறையின் வெளியேற்றுக் குழாயோடு இணைத்தார்கள். பழைய மாடல்களுக்கு டேங்கை இறுக மூடி உள்காற்றை உறிஞ்சி எடுக்கும் மாற்றமும் வந்தது. மருந்து ஊற்றிக் கழுவுவதைவிட இவற்றை நான் அதிகம் நம்புகிறேன். கழுவுவதில் மனிதக் கை இருக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கும் கருவி யாருடைய ஞாபகசக்தியையும் நம்பி இல்லை.

அடுத்தது எந்தத் தண்ணீர் என்பது. குழாய்த் தண்ணீர் நேராக ஊற்றக் கூடாது. ஸ்டெரைல் தண்ணீர், இல்லையென்றால் 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடித்த தண்ணீர். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தண்ணீர் வெட்டு முடிந்து குழாய் திறந்ததும் முதலில் டீத்தண்ணி நிறத்தில் வருமே, அதைப் பார்த்தவர்கள்தானே நாம். ஆனால் வீட்டு வாசலில் ஃபில்டர் மாட்டிய பழக்கத்தில் சிலர் கேட்பார்கள், ஆர்.ஓ. தண்ணீரே ஊற்றிவிடலாமே என்று. கூடாது. கனிமம் எல்லாம் எடுத்துவிட்ட அந்தத் தண்ணீர் உள்ளே இருக்கும் உலோகப் பாகங்களை அரிக்கத் தொடங்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே அதை வேண்டாம் என்கிறது.

தண்ணீரைப் பார்த்துப் பார்த்து ஊற்றிவிட்டு ஐஸில் கோட்டை விடுவதும் உண்டு. அவசரமாகக் குளிரவைக்க ஐஸ் போடுவார்கள். அந்த ஐஸும் ஸ்டெரைல் அல்லது வடித்த தண்ணீரில் செய்ததாக இருக்க வேண்டும். நடைபாதையில் எல்லோருக்கும் பொதுவாக நிற்கும் ஐஸ் மெஷினிலிருந்து ஒரு வாளி அள்ளிக்கொண்டு வந்தால் அத்தனையும் வீண்.

மூன்றாவதுதான் கழுவல். தண்ணீரை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது, எந்த மருந்து, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும், மாடலுக்கு மாடல் மாறும். பொதுவாக வேலை இப்படிப் போகும். கடைசி கேஸ் முடிந்த பிறகு கருவியைக் கழுவும் அறைக்குத் தள்ளிக்கொண்டு வருவோம். கண்ணாடி, ஏப்ரன், தடித்த கையுறை. தண்ணீரை முழுக்க வடித்து, மருந்து கலந்த தண்ணீர் நிரப்பி ஓடவிடுவோம். பெரசெடிக் அமிலம் என்றால் வினிகர் நெடி மூக்கைத் துளைக்கும், வீட்டுக்குப் போனாலும் சட்டையில் இருக்கும். ஹோஸ்களும் சுற்றிலேயே இணைந்திருக்க வேண்டும். டேங்கை மட்டும் கழுவி ஹோஸை ஆணியில் மாட்டிவைத்தால் அடுத்த நாள் ஹோஸிலிருந்து டேங்குக்குக் கிருமி திரும்பிவிடும். பிறகு அலசி, புதுத் தண்ணீர் நிரப்பி, கையேட்டில் சொன்ன அளவு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து, பதிவேட்டில் தேதி, கையெழுத்து.

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் டேங்க் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அண்ணே, தண்ணி பளிச்சின்னுதானே இருக்கு, இதைப் போய் ஏன் கொட்டணும்?"

"தண்ணியைப் பாக்காதடா, தேதியைப் பாரு" என்றேன்.

அவன் கேட்டது நியாயமான கேள்விதான். இந்தக் கிருமி தண்ணீரில் மிதப்பதைவிடப் பரப்பில் ஒட்டிக்கொள்வதையே விரும்பும். குளியலறையில் நாள்பட்ட வாளியின் உள்பக்கம் விரலுக்குத் தட்டுப்படுமே ஒரு வழவழப்பு, அதே மாதிரிப் படலம் ஹோஸுக்குள்ளும் இணைப்பு முனைகளிலும் உருவாகும். மேலே மெழுகு போன்ற உறை இருப்பதால் குளோரினுக்கு எளிதில் சாகாது. படலம் ஒருமுறை நன்றாகப் பிடித்துவிட்டால் எந்த மருந்தும் முழுசாக எடுக்காது, கழுவிச் சில வாரத்தில் மறுபடி தலைகாட்டும். அப்போது ஹோஸ், இணைப்பு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், சில கருவிகளைப் பிரித்துச் சுத்தம் செய்யத் தயாரிப்பாளருக்கே அனுப்ப வேண்டும்.

இன்னொன்று, ஸ்பேர் கருவி. தினமும் ஓடுகிற கருவியை எல்லோரும் கவனிப்பார்கள். மூலையில் துணி போர்த்தி நிற்கிற ஸ்பேரில் தேங்கின தண்ணீர் கிடக்கும். அவசரத்துக்கு இழுத்துக்கொண்டு வருவது அதைத்தான். ஒரு மருத்துவமனை இந்த விஷயத்தில் எப்படி என்று தெரிய வேண்டுமானால் நான் முதலில் ஸ்பேரின் பதிவேட்டைத்தான் கேட்பேன்.

தண்ணீரைப் பரிசோதித்தால் தெரிந்துவிடாதா என்றால், இந்தக் கிருமி வளரவே வாரக்கணக்கில் ஆகும், முடிவு வர ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகலாம். மாதிரியில் சிக்காமல் படலத்தில் இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆகவே 'இல்லை' என்று வந்த முடிவை வைத்துக்கொண்டு கழுவலைத் தள்ளிப்போட முடியாது.

சூடு தொடர்பான மற்றக் கருவிகளிலும் தொல்லை தண்ணீர்தான். குறைமாதக் குழந்தைகளின் இன்குபேட்டரில் ஈரப்பதத்துக்கு ஊற்றும் தண்ணீர், ரத்த வங்கியில் உறைந்த பிளாஸ்மாவை இளக்கும் வெந்நீர்த் தொட்டி, இரண்டிலும் சூடோமோனாஸ் வகைக் கிருமிகள் வளர்ந்து தொற்று வந்த வரலாறு உண்டு. தொட்டிக்குப் பதில் உலர் சூட்டில் இளக்கும் கருவிகள் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் அப்பாவுக்கு இவை சம்பந்தம் இல்லாதவை என்பதால் இத்தோடு விடுகிறேன்.

சரி, நீங்கள் என்ன கேட்கலாம்? அறுவைக்கு முந்தைய சந்திப்பில் சர்ஜனிடமோ, ஹார்ட்-லங் மெஷினை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்டிடமோ கேளுங்கள். மல்லுக்கு நிற்கிற மாதிரி வேண்டாம். "டாக்டர், ஹீட்டர்-கூலர் அறைக்குள்ளேயா வெளியேயா இருக்கும்? உள்ளே என்றால் ஃபேன் எந்தப் பக்கம்? தண்ணீர் மாற்றுகிற பதிவேடு இருக்கிறதா?" இவ்வளவு போதும். விஷயம் தெரிந்தவர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். "அதெல்லாம் டெக்னீஷியன் வேலை" என்று சர்ஜன் சொன்னாலும் கோபப்படாதீர்கள், உண்மையிலேயே எங்கள் வேலைதான். எங்களிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். தண்ணீரே இல்லாமல் அல்லது கிளைகால் திரவத்தில் ஓடும் புதிய வகைகளும் சந்தையில் உண்டு, ஆனால் அது இருக்கிற மருத்துவமனையாகத் தேடி அலைவது தேவையில்லாத அலைச்சல். மலேசியாவில் மருத்துவக் கருவிகளுக்கென்று 2012ஆம் ஆண்டின் 737ஆம் சட்டமும் அதை நடத்தும் ஆணையமும் இருக்கின்றன. தயாரிப்பாளர் திருத்த அறிவிப்பு விட்டால் அது மருத்துவமனைக்கு வந்து சேரும். அதைப் படித்துச் செயல்படுத்துவது எங்களைப் போன்றவர்கள் கையில்.

கேள்வியைவிட முக்கியமானது அறுவைக்குப் பிறகு. இந்த நோய் வந்தால் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு, அசதி, மூச்சிரைப்பு என்று மெதுவாக வரும். நம் ஊரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. வியர்த்தால் வெக்கை என்போம், மெலிந்தால் இனிப்பு நீர் என்போம், அசதி என்றால் வயசாகிவிட்டது. அப்படி விட்டுவிடாதீர்கள். ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சாதாரணக் கல்சர் சோதனையில் இந்தக் கிருமி தெரியாது, மைக்கோபாக்டீரியாவுக்கென்று தனியாகக் கேட்டு அனுப்ப வேண்டும். இங்கே காசநோயும் சகஜம் என்பதால் சளியில் கிருமி தெரிந்ததும் காசநோய் என்றே முடிவாகிவிடக்கூடும். இரண்டுக்கும் மருந்துக் கூட்டு வேறு, இனம் எது என்று உறுதிசெய்யச் சொல்லுங்கள்.

மூன்று வருஷம் கழித்து வேறொரு கிளினிக்கில், இதயத்துக்குச் சம்பந்தமே இல்லாத டாக்டர் முன்னால் அப்பா உட்கார்ந்திருக்கும்போது, அறுவை நடந்ததையே சொல்ல மறந்துவிடுவார். வால்வுக்கு ஒரு அட்டை கொடுப்பார்கள். அதையும் டிஸ்சார்ஜ் கடிதத்தையும் படம் எடுத்து உங்கள் கைப்பேசியிலும் அம்மா கைப்பேசியிலும் வைத்துவிடுங்கள், அசல் அட்டை அப்பாவின் ஐ.சி. அடையாள அட்டையோடு பர்ஸிலேயே இருக்கட்டும்.