வயிறு நிறைந்த பிறகும் கை நிற்க மாட்டேன் என்கிறது. உணவைப் பார்த்ததும் வரும் இந்த உந்துதலுக்குச் சிகிச்சை உண்டா, இல்லை எனக்கு மன உறுதிதான் போதவில்லையா?

சிகிச்சை உண்டு. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது உங்கள் கேள்வியின் பின்பாதிக்காக. அந்த 'மன உறுதி'யை வைத்து ஆறு வருடம் என்னை நானே திட்டிக்கொண்டவன் நான்.

நீங்களும் பகலில் ஒழுங்காக, சொல்லப்போனால் அளவுக்கு மீறி ஒழுங்காகச் சாப்பிடுகிறவராகத்தான் இருப்பீர்கள். காலையில் அரை வயிறு, மதியம் கால் வயிறு, ராத்திரி பதினொரு மணிக்கு மேல் மொத்தக் கணக்கையும் வட்டியோடு தீர்ப்பது. நான் அப்படித்தான். விளக்கைப் போட மாட்டேன், ஃபிரிட்ஜைத் திறந்தால் வரும் வெளிச்சமே போதும். நின்றுகொண்டே தின்பேன். உட்கார்ந்தால் அது 'சாப்பாடு' ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு. பிறகு காலி பாக்கெட்டைக் குப்பைக்கூடையின் அடியில் திணித்து, மேலே பழைய குப்பையை இழுத்து மூடுவேன். அவ்வளவு கவனத்தை வேலையில் காட்டியிருந்தால் எப்போதோ பதவி உயர்வு வந்திருக்கும்.

இதற்குப் பெயர் உண்டு: பிஞ்ச் ஈட்டிங் டிஸ்ஆர்டர். ஆல்பர்ட் ஸ்டன்கார்ட் என்ற மனநல மருத்துவர் 1959-லேயே இதை எழுதி வைத்துவிட்டார். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் நோய்ப் பட்டியலான டி.எஸ்.எம்-5 இதைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது 2013-ல்தான். வாரத்துக்கு ஒருமுறையாவது, மூன்று மாதமாக, 'என் கையில் இல்லை' என்ற உணர்வோடு அளவில்லாமல் சாப்பிடுவது அதன் முக்கிய அடையாளம். கல்யாண வீட்டில் ஒருநாள் அதிகமாகச் சாப்பிட்டதெல்லாம் இதில் வராது.

என் சிகிச்சையாளர் உணவு மீதான உந்துதலை இரண்டாகப் பிரித்தார். உணவைப் பார்த்ததும் மனம் மற்றவர்களைவிட அதிகமாக இழுபடுவது ஒன்று. யோசிப்பதற்குள் கை போய்விடுவது இன்னொன்று. ஜெர்மனியில் ட்யூபிங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் இந்த இரண்டையும் குறிவைத்தே 'இம்பல்ஸ்' என்று எட்டு வாரக் குழுப் பயிற்சி ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். எனக்குத் தனியாக, கிட்டத்தட்ட அதே வழியில் நடந்தது.

ஒருநாள் என்னையே ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட் கொண்டுவரச் சொன்னார். மேஜையில் வைத்துப் பிரிக்கச் சொன்னார். "ஒண்ணைக் கையில எடுங்க. வாசனை பாருங்க. சாப்பிட வேண்டாம். ஆசை எவ்வளவு இருக்குன்னு பத்துக்குச் சொல்லுங்க." ஆறு என்றேன். ஐந்து நிமிடம் கழித்து ஒன்பது. கிரீம் உருகி விரல் நுனியில் ஒட்டியது. நான் எச்சில் விழுங்கிய சத்தம் அந்த அறையில் எனக்கே கேட்டது. அழுகை வந்தது; ஒரு பிஸ்கட்டுக்காக! இருபத்தைந்தாவது நிமிடம் நான்கு.

அந்த ஆசை தானாக இறங்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதுவரை அது இறங்க நான் விட்டதே இல்லை. அதற்குள் பாக்கெட் காலியாகியிருக்கும்.

அப்புறம் 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் வேலை. என்னுடையது: ஃபிரிட்ஜ் கைப்பிடியில் கை பட்டால், முதலில் சமையலறை விளக்கைப் போடுவேன். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இரண்டு விநாடியில்தான் எனக்கு யோசிக்கவே நேரம் கிடைத்தது. இதற்கெல்லாம் அடிப்படை, நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல் வேளாவேளைக்குச் சாப்பிடுவது. பட்டினி கிடந்துகொண்டு இந்தப் பயிற்சியைச் செய்தால் பலிக்காது.

"காலையில் எழுந்து நடந்தால் சரியாகிவிடும்" என்று எழுத வருகிறவர்களுக்கு: நடந்தேன். தினமும் ஐந்து கிலோமீட்டர். ராத்திரி கூடுதலாகப் பசித்தது. "எடை எவ்வளவு குறைந்தது?" என்று கேட்பவர்களுக்கு: பெரிதாக இல்லை. வாரத்தில் நான்கு ராத்திரியாக இருந்தது மாதத்தில் ஒன்றாகிவிட்டது, எனக்கு அது போதும். நான் மருத்துவர் இல்லை, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் இந்த நோய்க்காக 2015-ல் அனுமதி கொடுத்தார்கள். பழக்கமாகிவிடும் ஆபத்து உண்டு, அதனால் மருத்துவர் சொல்லாமல் தொட வேண்டாம். சாப்பிட்டபின் வாந்தி எடுக்கும் வழக்கமிருந்தால் அது வேறு நோய். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எடை மெஷினை ஏன் நடைபாதையில் வைக்கிறார்கள்? நான் முதலில் போன மருத்துவமனையில், வரிசையில் இருபது பேர் உட்கார்ந்திருக்க, என் எடையை ஏலம் விடுகிற மாதிரி உரக்கச் சொன்னார்கள். அன்று ராத்திரி என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகு எந்த மருத்துவரிடமும் போகாமல் ஒன்றரை வருடம் தள்ளிப்போட்டேன்.

நீங்கள் தள்ளிப்போடாதீர்கள். உணவை எதிரில் வைத்துப் பயிற்சி தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். எதையாவது கொண்டுவரச் சொன்னால், உங்களை உண்மையிலேயே இழுக்கும் அதே பாக்கெட்டைக் கொண்டுபோங்கள். நான் முதல் தடவை கௌரவம் பார்த்து ஓட்ஸ் பிஸ்கட் வாங்கிப் போனேன். ஆசை பத்துக்கு ஒன்று. ஒரு வாரம் வீண்.