செயற்கை மூச்சுக்குழாயை மனிதருக்குப் பொருத்தும் முன் எப்படிச் சோதிக்கிறார்கள்?

வெறும் குழாய்தானே, பிளாஸ்டிக்கில் செய்து வைத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். மூச்சுக்குழாயில் பழுதான பகுதியைப் பெரியவர்களுக்குப் பாதி நீளம் வரை வெட்டிவிட்டு முனைகளைச் சேர்த்துத் தைக்கலாம். அதற்கு மேல் போனால்தான் மாற்றுப்பொருள் தேவை.

முதலில் இயந்திரச் சோதனை. பக்கவாட்டில் அழுத்தினால் நசுங்கக் கூடாது, கழுத்து திரும்பும்போது வளையவும் வேண்டும். தையல் நூல் பொருளைக் கிழிக்கிறதா, இணைப்பில் காற்று கசிகிறதா என்றும் பார்ப்பார்கள். அப்புறம் செல்களுக்கு நச்சா என்ற ஆய்வு. இதுவரை பல பொருட்கள் தேறிவிடும்.

உண்மையான சிக்கல் உயிருள்ள உடலில்தான். மூச்சுக்குழாயின் உட்புறம் வெளிக்காற்றோடும் கிருமிகளோடும் எப்போதும் தொடர்பில் இருக்கிறது. சளியை மேலே தள்ளும் நுண்மயிர்ப் படலம் செயற்கைப் பரப்பில் எளிதில் வளராது. சளி தேங்கும், தொற்று வரும், இணைப்பில் தழும்புத்திசு வளர்ந்து வழியை அடைக்கும். அருகிலுள்ள பெரிய ரத்தக்குழாயை அரித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் ஆடு, பன்றி போன்ற விலங்குகளில் பொருத்தி, மாதக்கணக்கில் உள்நோக்கிக் கருவியால் பார்த்து, பிறகு திசுவை நுண்ணோக்கியில் ஆராய வேண்டும். சில வாரங்கள் பிழைத்தது என்பது எனக்குச் சான்றே அல்ல.

இந்த விலங்குச் சோதனையை ஒழுங்காகச் செய்யாமல் விட்டதன் விளைவை ஸ்வீடனில் பார்த்தோம். 2011 முதல் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை மருத்துவர் மூன்று பேருக்குச் செயற்கைக் குழாய் பொருத்தினார், மூவரும் இறந்தார்கள். 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.