சத்து மாத்திரையைக் காப்பியோடு விழுங்கலாமா?

கேள்வி: பாம்பனுக்குப் பக்கத்திலுள்ள கடலோர ஊரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 41. கடலில் முங்கிப் பாசி எடுக்கும் வேலை. போன மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் சோதித்து, ஹீமோகுளோபின் 9.2 என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்பதால் விடியற்காலைக் காப்பியோடு விழுங்கிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். வயது 48; பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் ஐந்தாறு டம்ளர் காப்பி குடிப்பார், பீடியும் உண்டு. மாமியாருக்குச் சர்க்கரை நோய். சீனியை விட்டுவிட்டுக் கருப்பட்டிக் காப்பி குடிக்கிறார். காப்பி ஈரலுக்கு நல்லது என்று போனில் செய்தி வருகிறது. பக்கத்து வீட்டு அக்காவோ காப்பி ரத்தத்தைச் சுண்ட வைத்துவிடும் என்கிறார். நாங்கள் காப்பியை விட்டுவிட வேண்டுமா?

பதில்: விட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் வீட்டில் மூன்று பேரும் மூன்று விதமாக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவற்றில் நாளைக்கே மாற்ற வேண்டியது நீங்கள் அந்த இரும்புச்சத்து மாத்திரை போடும் நேரம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. உடலில் ஓடிக்கொண்டிருக்கும் ரத்தத்தைக் காப்பி ஒன்றும் செய்வதில்லை. புதிய ரத்தம் ஊறுவதற்கு வேண்டிய இரும்புச்சத்து குடலிலிருந்து உடம்புக்குள் போகும் இடத்தில்தான் அது தடையாகிறது. காப்பிக் கொட்டையில் இயற்கையாகவே உள்ள பாலிஃபீனால் என்னும் பொருள்கள் இரும்பைப் பற்றிக்கொள்கின்றன. அப்படிப் பற்றப்பட்ட இரும்பைக் குடலால் உறிஞ்ச முடியாமல் அது மலத்தோடு போய்விடுகிறது. பால் சேர்த்த காப்பியில் பாலின் கால்சியமும் சேர்ந்து தடுக்கிறது. 1983-ல் வெளியான ஓர் ஆய்வில், உணவோடு ஒரு கோப்பை காப்பி குடித்தவர்களின் உடல் உறிஞ்சிய இரும்பு 39 சதவீதம் குறைந்தது; தேநீரோடு சாப்பிட்டபோது 64 சதவீதம் குறைந்தது. ஆகவே காப்பியை விட்டு டீக்கு மாறுவதால் உங்களுக்கு லாபம் இல்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காப்பி இரும்பைத் தடுக்கவில்லை என்பதும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காப்பி உணவோடு குடித்த அளவுக்கே தடுத்தது என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தன. சாப்பிட்டு எழுந்து கை கழுவியதும் காப்பி குடிக்கும் நம் வழக்கம் ரத்தசோகை உள்ளவர்களுக்கு ஆகாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம்.

கடற்கரை ஊர்களில் முகாமுக்கு வரும் பெண்களின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்க்கும்போது, சிவந்திருக்க வேண்டிய இடம் சங்கின் உட்புறம்போல வெளுத்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் அட்டையை எடுத்துக் காட்டுவார்கள். முறையாகத்தான் சாப்பிட்டிருப்பார்கள், ஆனால் டீயோடோ காப்பியோடோ சாப்பிட்டிருப்பார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நீங்களோ மூச்சை அடக்கி நீருக்கடியில் வேலை செய்கிறவர். ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் அது சுமக்கும் ஆக்ஸிஜனும் குறையும் என்பதால், முங்கும் நேரம் சுருங்குவதையும், மேலே வந்ததும் தலை கிறுகிறுப்பதையும் வயதின் குற்றம் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை, 9.2 என்பது நடுத்தர ரத்தசோகை.

இனி மாத்திரையை இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது, தண்ணீரோடு போட்டுக்கொள்ளுங்கள். அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்த தண்ணீராக இருந்தால் இன்னும் நல்லது. அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு உள்ளே போவதற்கு உதவும். தூக்கத்தில் குமட்டலும் அவ்வளவாகத் தெரியாது. அப்படியும் குமட்டினால் சிறிது சோறு சாப்பிட்ட பிறகு போடலாம். உறிஞ்சப்படும் அளவு சற்றுக் குறைந்தாலும் மாத்திரையை நிறுத்துவதைவிட அது மேல். மலம் கறுத்துப் போவது இயல்பானது, பயப்பட வேண்டாம். விடியற்காலைக் காப்பியை நீங்கள் வழக்கம்போலக் குடிக்கலாம். காலைச் சாப்பாட்டுக்கும் அதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். உங்கள் சட்டியில் கொதிக்கும் மீனில் உள்ள இரும்பின் ஒரு பகுதியைக் காப்பியால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. அதோடு, முருங்கைக்கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ளவும் அந்த மீன் துணை செய்கிறது. கீரை வைக்கிற அன்று மீனையும் சேர்த்து வையுங்கள். மாதவிலக்கின்போது அதிக நாள் அதிகமாகப் போகிறதா என்பதையும், பூச்சி மாத்திரை சாப்பிட்டு எவ்வளவு நாளாகிறது என்பதையும் நிலையத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழுவாலும் ரத்தம் குறையும். அது இருந்தால் காப்பியை நிறுத்தியும் பயனில்லை.

அடுத்து உங்கள் வீட்டுக்காரர். காப்பியிலுள்ள காஃபின், குடித்த அரை மணி நேரத்தில் ரத்த அழுத்தத்தைச் சில புள்ளிகள் உயர்த்தும். நாள்தோறும் குடிப்பவர்களின் உடல் அதற்குப் பழகிவிடுவதால் அந்த ஏற்றம் குறைவாக இருக்கும். அழுத்தம் மாத்திரையால் கட்டுக்குள் இருந்தால் இரண்டு மூன்று டம்ளர் காப்பியால் கேடு இல்லை. ஆனால் 160/100-க்கு மேல் இருந்தால் கதை வேறு: ஜப்பானில் 18,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2022-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த அளவுக்கு உயர் அழுத்தம் உள்ளவர்கள் தினமும் இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ காப்பி குடித்தபோது, இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து, குடிக்காதவர்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. ஆகவே அவருடைய இப்போதைய அளவு என்ன என்று தெரிந்த பிறகுதான் எத்தனை டம்ளர் என்று சொல்ல முடியும். பி.பி. பார்க்கப் போகும்போது அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காப்பியும் பீடியும் கூடாது. இல்லாவிட்டால் தவறான எண்ணை வைத்து மாத்திரையைக் கூட்ட நேரிடும்.

பி.பி. என்று தெரிந்ததும் காப்பியை நிறுத்தியவர்கள், கருவாட்டையும் ஊறுகாயையும் தொடர்ந்து சாப்பிடுவதை நம் கரையில் நிறையப் பார்க்கிறேன். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகச் சொல்லும் உப்பு, கருவாட்டுக் குழம்பு வைத்த நாளில் மதியத்துக்குள்ளேயே தாண்டிவிடும். அவர் விட வேண்டிய முதல் பொருள் பீடி, இரண்டாவது இந்த உப்பு. காப்பி மூன்றாவதாகத்தான் வருகிறது. பீடியை விடும்போது ஒன்றை நினைவில் வைத்திருங்கள்: புகை பிடிப்பவர்களின் ஈரல் காஃபினை ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் வெளியேற்றும். புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைவதால், அதே ஐந்தாறு டம்ளர் காப்பி அவருக்குப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் தூக்கமின்மையையும் கொடுக்கும். பீடியை விட்டதால்தான் இப்படி ஆகிறது என்று நினைத்துத் திரும்பவும் பற்ற வைத்துவிடுவார்கள். பீடியை விடுகிற வாரமே காப்பியையும் பாதியாக்கிக்கொள்ள வேண்டும்.

காஃபின் உடலில் பாதியாகக் குறைவதற்குச் சுமார் 5 மணி நேரம் பிடிக்கும். அதிகாலையில் கடலுக்குப் போவதற்காக இரவு 8 மணிக்கே படுப்பவருக்கு நண்பகலுக்குப் பிறகு காப்பி வேண்டாம். மற்றபடி, வெயிலில் கடலில் இருக்கும்போது காப்பியைத் தண்ணீருக்கு ஈடாகக் கருதாமல் குடிநீரைத் தனியாக எடுத்துச் செல்ல வேண்டும்.

அளவைப் பற்றி: ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலின்படி, ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் காஃபினைத் தாண்டக் கூடாது. 150 மில்லி டிகாஷன் காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராமும், இன்ஸ்டன்ட் காப்பியில் 50 முதல் 65 மில்லிகிராமும் இருக்கும் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. நாம் வாங்கும் தூளில் பெரும்பாலும் சிக்கரி கலந்திருக்கும். சிக்கரியில் காஃபின் இல்லை. எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டிலேயே அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். கர்ப்பிணிகள் 200 மில்லிகிராமுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். கொழுப்பு அதிகம் உள்ளவர்கள் தூளைத் தண்ணீரில் கொட்டிக் கொதிக்கவைத்து இறுத்துக் குடிக்கும் முறையைத் தவிர்ப்பது நல்லது. கெட்ட கொழுப்பை உயர்த்தும் எண்ணெய்ப் பொருள் அப்படிப் போடும் காப்பியில்தான் அதிகமாக இறங்குகிறது.

மாமியாருக்கு நீங்கள் சற்றுப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியாக இருந்தாலும், நல்ல மணத்தோடு கலப்படமே இல்லாமல் இருந்தாலும், அதன் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். தாதுக்கள் கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் ரத்தச் சர்க்கரை ஏறாமல் இருந்துவிடாது. ஒரு டம்ளருக்கு 15 கிராம் கருப்பட்டி என்றாலும் மூன்று டம்ளருக்கு 45 கிராம் ஆகிவிடும். கருப்பட்டி போடாமல் பாலும் டிகாஷனும் மட்டும் கலந்து குடிக்க முதலில் கசக்கும். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிவிடும். அவர் விரும்பினால் சுக்கும் மல்லியும் தட்டிப்போட்ட சுக்குக் காப்பியை இனிப்பில்லாமல் கொடுக்கலாம். பெயரில்தான் காப்பி இருக்கிறது. காப்பித்தூள் சேர்க்காமல் போட்டால் அதில் காஃபினும் இல்லை.

போனில் வந்த ஈரல் செய்திக்கு அடிப்படை உண்டு. காப்பி குடிப்பவர்களிடம் ஈரல் சுருக்க நோயும், ஈரல் புற்றுநோயும், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் குறைவாகக் காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. 2017-ல் அவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, நாளுக்கு மூன்று நான்கு கோப்பை குடிப்பவர்களிடம் அந்த நன்மை கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் இவை பெரும்பாலும் மக்களின் பழக்கத்தைக் கவனித்துச் சொன்னவை; காப்பியே காரணம் என்று உறுதியாக நிறுவியவை அல்ல. ஆகவே இதுவரை குடிக்காதவர் மருந்தாக நினைத்துத் தொடங்க வேண்டியதில்லை. சர்க்கரை நோய் வந்துவிட்ட உங்கள் மாமியாருக்கு அது மருந்தும் ஆகாது.

சூட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் காப்பியைப் புற்றுநோய்ச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அதே சமயம், 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாயில் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று அறிவித்தது. கரையில் படகு புறப்படும் அவசரத்தில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்கிறார்களே, அது கூடாது. டம்ளரிலிருந்து டபராவுக்கு நாலைந்து முறை ஆற்றினால் சூடு இறங்கிவிடும்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்து வாசகர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. நோன்பின் முதல் இரண்டு மூன்று நாள் வரும் தலைவலிக்குப் பல சமயம் பசியைவிடக் காப்பி நின்றுபோனதே காரணம். அது கடைசிக் காப்பி குடித்த 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும். ஒரு வாரம் முன்பிருந்தே நாளுக்கு அரை டம்ளராகக் குறைத்து வந்தால் பெரும்பாலும் வராது. உங்கள் வீட்டுக்காரர் குறைக்கும்போதும் இதே முறைதான்.

நீங்கள் மாத்திரையை இரவுக்கு மாற்றிய நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் பாருங்கள். 1 கிராமாவது உயர்ந்து 10-ஐத் தாண்டியிருந்தால் சரியான வழியில் இருக்கிறீர்கள். 12-ஐ எட்டிய பிறகும் மருத்துவர் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள். உயரவில்லை என்றால் காரணத்தைக் கண்டுபிடிக்க ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். அதுவரை ஆழத்தில் முங்கும் வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.