எக்ஸ் தளத்தில் பிராண்ட் பக்கம்: நீல டிக் வாங்குவதா, மூடிவிட்டுப் போவதா?

கேள்வி: எங்கள் பிராண்டின் பக்கம் ட்விட்டர் காலத்திலிருந்தே இருக்கிறது. எக்ஸ் ஆன பிறகு ஃபாலோயர் எண்ணிக்கை குறையவில்லை, ஆனால் பதிவுகளை யாரும் பார்ப்பதாகவே தெரியவில்லை. கணக்கைக் கவனிக்கும் ஏஜென்சி, ‘நீல டிக் வாங்குங்கள், கூடவே ஒரு ஃபாலோயர் பேக்கேஜ் எடுங்கள், ரீச் தானாக வரும்’ என்கிறது. வாங்கலாமா? அல்லது பக்கத்தை மூடிவிட்டு வேறு தளத்துக்குப் போய்விடலாமா?

பதில்: காசுக்கு ஃபாலோயர் வாங்கும் அந்தப் பேக்கேஜ் வேண்டவே வேண்டாம். பக்கத்தையும் மூடாதீர்கள். நீல டிக் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், பிறகு வருகிறேன்.

உங்கள் பக்கத்துக்கு யாரும் செய்வினை வைத்துவிடவில்லை. 2023 ஜனவரியிலிருந்து இந்த ஆப்பைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது ‘ஃபார் யூ’ பகுதி. அதில் யாருக்கு எதைக் காட்டுவது என்று அல்காரிதம், அதாவது தளத்தின் பரிந்துரை நிரல், முடிவு செய்கிறது. ஒருவர் உங்களைப் பின்தொடர்கிறார் என்பதால் மட்டும் உங்கள் பதிவு அவர் கண்ணில் பட்டுவிடாது. இன்ஸ்டாகிராம் இதை 2016-லேயே செய்தது. ஃபேஸ்புக் 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று அறிவித்து, பிராண்ட் பக்கங்களைப் பின்வரிசைக்குத் தள்ளியது. ஒவ்வொரு தளமும் முதலில் ‘ஃபாலோயர் சேருங்கள்’ என்று நம்மை உழைக்க வைக்கும். சேர்த்து முடித்த பிறகு, அவர்களிடம் பேசவே தனியாகக் காசு கேட்கும். இதை ‘பயனர் அனுபவம்’ என்று வேறு சொல்வார்கள்.

ஆக, ஃபாலோயர் எண்ணிக்கை இப்போது வெறும் ஸ்கோர்போர்டு. அதைக் காசு கொடுத்து ஏற்றுவதில் என்ன நஷ்டம் என்பதற்கு அந்தத் தளமே ஒரு சாட்சியம் கொடுத்திருக்கிறது. 2023 மார்ச் 31 அன்று ட்விட்டர் தன் பரிந்துரை நிரலின் ஒரு பகுதியைப் பொதுவில் வெளியிட்டது. அது தொடர்பான குறிப்பில் எந்தச் செயலுக்கு எவ்வளவு மதிப்பு என்பதும் இருந்தது. லைக்குக்கு 0.5. ரீட்வீட்டுக்கு 1. ஒருவர் உங்கள் பதிவுக்குப் பதில் எழுதினால் 13.5. அந்தப் பதிலை நீங்களும் கண்டுகொண்டு பதில் சொன்னாலோ லைக் போட்டாலோ 75. யாராவது ரிப்போர்ட் அடித்தால் மைனஸ் 369. கணக்கின் நுணுக்கங்கள் உங்களுக்குத் தேவையில்லை. இன்றைக்கு அதே எண்கள்தான் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். போக்கை மட்டும் பாருங்கள். லைக்கை விடப் பேச்சுக்குத்தான் மதிப்பு. காசுக்கு வாங்கிய ஃபாலோயர் பேசமாட்டான். அவன் ஆளே இல்லை.

ஏஜென்சியின் மாத அறிக்கையைத் தூரப் போட்டுவிட்டு ஒன்று செய்யுங்கள். 2022 டிசம்பரிலிருந்து ஒவ்வொரு பதிவுக்கும் கீழே எத்தனை முறை காட்டப்பட்டது என்ற எண் வருகிறது. கடைசி இருபது பதிவுகளைத் திறந்து அந்த எண்ணைக் குறியுங்கள். (கட்டை விரலால் தள்ளிக்கொண்டு போனவரும் அதில் அடக்கம், அதனால் பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்.) பிறகு பதில்களைப் படியுங்கள். ‘சூப்பர்’, ‘நைஸ்’, இரண்டு கைதட்டல் ஸ்மைலி, பெயருக்குப் பின்னால் எட்டு இலக்கம் என்று வரிசையாக வந்தால், அது காசுக்கு வந்த போலிக் கூட்டம், ஏஜென்சி உங்களுக்குச் செய்த உபகாரம். பொருளைப் பற்றி உண்மையாகக் கேள்வி கேட்டவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு உங்கள் பக்கத்திலிருந்து பதில் போயிருக்கிறதா என்று எண்ணுங்கள். பெரும்பாலும் போயிருக்காது. பதில் எழுத ஆள் வேண்டும், போஸ்டர் போட டெம்ப்ளேட் போதும். ஏஜென்சிகள் போஸ்டரை விரும்புவது அதனால்தான்.

லிங்க் விஷயம் ஒரு வரியில்: பதிவிலேயே லிங்க் வைத்தால் ரீச் குறைகிறது என்று பலர் புலம்பியபோது, லிங்க்கை அந்தப் பதிவுக்குக் கீழே நீங்களே எழுதும் பதிலில் போடுங்கள் என்று 2024 நவம்பரில் எலான் மஸ்க்கே யோசனை சொன்னார். செய்து பாருங்கள், நாளை மாறினால் நாமும் மாற வேண்டியதுதான்.

இப்போது நீல டிக். 2022 நவம்பருக்கு முன் அது ‘இவர் இவர்தான்’ என்று தளம் சரிபார்த்துக் கொடுத்த அடையாளம். இன்று அது சந்தா கட்டியதற்கான ரசீது. காசுக்கு விற்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே, எலி லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் ஒரு போலிக் கணக்கு டிக் வாங்கி, இன்சுலின் இனி இலவசம் என்று எழுதிவிட்டது. உண்மையான நிறுவனம் மன்னிப்புக் கேட்டு விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே ‘டிக் இருந்தால் நம்பகம்’ என்று உங்களிடம் விற்பவர் பழைய சரக்கை விற்கிறார். ரீச்சுக்காக மட்டும் என்றால் வாங்க வேண்டாம்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. வாடிக்கையாளர்கள் புகார் சொல்லவும் உதவி கேட்கவும் உங்கள் பக்கத்துக்கு வருகிறார்கள் என்றால், அங்கே மோசடிக்காரர்களும் வருவார்கள். உங்கள் பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாற்றிக் கணக்குத் தொடங்குவார்கள், உங்கள் லோகோவையே போடுவார்கள். புகார் சொன்னவருக்கு ‘சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் எண்ணை அனுப்புங்கள்’ என்று உங்களுக்கு முன்பே பதில் போட்டு ஓடிபி வரை கறந்துவிடுவார்கள். சந்தா கட்டியவர்களின் பதிலை எக்ஸ் மேலே ஏற்றிக் காட்டுகிறது. ஆகவே இந்த நிலையில் இருக்கிற பிராண்டுக்கு டிக் பயன்படும், உங்கள் பதில் கீழே புதையாமல் இருக்கும். மோசடிக்காரனும் அதே டிக்கை வாங்க முடியும் என்பதையும் மறக்காதீர்கள். அதனால் ‘எங்கள் அதிகாரப்பூர்வக் கணக்கு இது ஒன்றே, ஓடிபி கேட்கமாட்டோம்’ என்று எழுதி பக்கத்தின் உச்சியில் பின் செய்து வையுங்கள். டிக் வாங்கிய பிறகு பெயரையோ படத்தையோ மாற்றினால், மறுபடி சரிபார்க்கும் வரை டிக் மறைந்துவிடும். பண்டிகைக்கொரு லோகோ என்று ஏஜென்சி ஆசைப்பட்டால் சம்மதிக்காதீர்கள்.

மூடிவிடலாமா என்று கேட்டீர்கள். கணக்கை முடக்கி 30 நாள் கழிந்தால் அது அழிக்கப்பட்டுவிடும். அந்தப் பெயர் பிறகு யார் கைக்கும் போகலாம். உங்கள் பழைய பெயரில் வேறொருவன் உட்கார்ந்து உங்கள் வாடிக்கையாளரிடம் பேசுவதைவிட, தூங்கும் பக்கம் எவ்வளவோ மேல். மாதம் ஒரு முறையாவது உள்ளே நுழைந்து வாருங்கள். கணக்கு உயிரோடிருக்க 30 நாளுக்கு ஒரு தடவை லாகின் செய்யுங்கள் என்று தளமே சொல்கிறது. அந்தப் பெயர்கூட நமக்குச் சொந்தம் என்று நம்பிவிடாதீர்கள். 2023 ஜூலையில் ட்விட்டர் எக்ஸ் ஆனபோது, ‘@x’ என்ற ஒற்றை எழுத்துப் பெயரைப் பல ஆண்டுகளாக வைத்திருந்தவரிடமிருந்து அதை நிறுவனம் சும்மா எடுத்துக்கொண்டது. முறையிட ஆள் ஏது? உதவிப் பக்கத்தில் படிவம் நிரப்பினால் பெரும்பாலும் தானியங்கிப் பதில்தான் வரும். ‘உள்ளே ஆள் இருக்கிறார், முடித்துத் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்துங்கள்.

வேறு தளத்தில் தாராளமாகத் தொடங்குங்கள். ஆனால் ஆட்களை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. செட்டிங்ஸில் கேட்டால் உங்கள் பதிவுகளின் முழுத் தொகுப்பு கிடைக்கும், ஃபாலோயர்களின் மின்னஞ்சல் கிடைக்காது. எனவே இப்போதிருந்தே, பேசுகிறவர்களை உங்கள் சொந்த மின்னஞ்சல் பட்டியலுக்கு அழைத்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், கணக்கு எந்த மின்னஞ்சலில், எந்த ஃபோன் எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று ஏஜென்சியிடம் கேளுங்கள். அவர்களுடையதாக இருந்தால் உங்கள் பிராண்ட் அவர்கள் பாக்கெட்டில் இருக்கிறது. இரண்டையும் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி, பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். எஸ்எம்எஸ் வழி இரட்டைப் பாதுகாப்பை 2023 மார்ச்சில் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். உள்நுழைவதற்கான எண்ணை ஃபோனிலேயே உருவாக்கித் தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப் இலவசம், அதைப் போடுங்கள். ஏஜென்சிக்குப் பாஸ்வேர்டு தேவையில்லை, செட்டிங்ஸில் ‘டெலிகேட்’ வழியாக அனுமதி கொடுத்தால் போதும், வேண்டாதபோது எடுத்துவிடலாம். இதற்கு ஆயிரம் சாக்குச் சொல்வார்கள். மின்னஞ்சல் உங்கள் கைக்கு வரும்வரை அவர்களோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதீர்கள்.