அப்பாவின் தாடை வீக்கம்: அழுத்தித் தேய்க்க வேண்டாம்

வணக்கம் சகோதரி. தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடிந்த சில மாதங்களில் அப்பாவுக்குத் தாடைக்குக் கீழே வீக்கம், காலையில் அதிகம், சாயங்காலம் குறைகிறது, அம்மா தைலம் போட்டு நீவிவிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். நிணநீர் வீக்கம், அதாவது திசுக்களிலிருந்து வடிய வேண்டிய நீர் வழியில்லாமல் தேங்குவது, பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஆனாலும் முதலில் பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கும் டாக்டரிடம் காட்டுங்கள். நோய் திரும்பவில்லை, கிருமித்தொற்று இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

தைலத்தையும் அழுத்தித் தேய்ப்பதையும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கதிர்வீச்சு பட்ட தோல் தாங்காது. நிணநீர்க் குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகின்றன. தேங்கிய நீரை நகர்த்த, தோல் லேசாக நகரும்படி மெதுவாக நீவினாலே போதும். நீவும் வரிசையும் முக்கியம். முதலில் அக்குள் பக்கம், அப்புறம் கழுத்து, கடைசியில் முகம். பினாங்குப் பாலத்தில் முன்னால் நிற்கும் வண்டி நகர்ந்தால்தானே பின்னால் இருப்பது நகரும்! இதற்கெனப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பச் சொல்லி டாக்டரிடம் கடிதம் கேளுங்கள். தாடைக்கு அழுத்தப் பட்டை வேண்டுமா என்று அந்த பிசியோதெரபிஸ்ட்டே அளவெடுத்துச் சொல்வார். நீங்களாகக் கடையில் வாங்கிக் கட்டிவிடாதீர்கள்.

இரவில் தலைமாட்டை உயர்த்திப் படுக்கட்டும். சவரத்துக்கு பிளேடு வேண்டாம், மின்சார ஷேவர் நல்லது.

வீக்கம் தொண்டைக்குள்ளும் இருக்கலாம், அதுதான் எனக்குக் கவலை. விழுங்கச் சிரமம், குரல் மாற்றம் இருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். தோல் சிவந்து சுட்டுக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டர். மூச்சு விடும்போது சத்தம் வந்தாலோ திணறினாலோ உடனே 999 அவசர எண்ணுக்கு அழையுங்கள்.