எந்தச் 'சு'?

"மூன்று மாதமாகக் கொரியன் படிக்கிறேன். வகுப்பில் 'சுதோ' என்றால் தலைநகரம் என்றார்கள். வீட்டுக்கோ 'சுதோ' கட்டணம் என்று பில் வந்திருக்கிறது. சீன எழுத்தும் படித்தால்தான் இங்கே காலம் தள்ள முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம் தம்பி. தென் கொரியாவின் சுவோன் நகரில் எனக்கு இது 11-ஆம் வருடம். சீன எழுத்தில் என் பெயரைக்கூட எழுதத் தெரியாது.

உங்கள் பில்லில் இருப்பது குழாய்த் தண்ணீர். சீனத்தில் 'தலை'க்கும் 'தண்ணீரு'க்கும் எழுத்தும் வேறு, உச்சரிப்பும் வேறு. கொரிய வாய்க்கு வந்ததும் இரண்டும் 'சு' ஆகிவிட்டன. வடமொழியின் பாபமும் பா⁠வமும் நம்மிடம் வந்து ஒரே 'பாவம்' ஆகவில்லையா, அதே கதைதான். போதாக்குறைக்கு, 1948-இல் அரசு ஆவணங்களுக்குக் கொரியர்களின் சொந்த எழுத்தான ஹங்குல் என்று சட்டம் வந்தது. பிறகு மெல்ல மெல்லப் பத்திரிகைகளிலும் சீன எழுத்து அருகிப்போனது. கண்ணால் பார்த்தும் பிரித்தறிய முடியாது.

நானும் மாட்டியிருக்கிறேன். வந்த புதிதில் அபார்ட்மென்ட் மாடிப்படிக் கதவில் 'பாங்ஹ்வாமுன்' என்று ஒட்டியிருந்தது. 'முன்' கதவு என்று தெரியும். 'பாங்ஹ்வா'வை அகராதியில் தேடினால் முதலில் கண்ணில் பட்டது 'தீ வைத்தல்'! தீ வைக்கும் கதவா என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது தீத்தடுப்புக் கதவு. தீ வைப்பதும் 'பாங்ஹ்வா', தீயைத் தடுப்பதும் 'பாங்ஹ்வா'.

பெரும்பாலும் பேச்சின் போக்கே காட்டிக்கொடுத்துவிடும். 'சாக்வா' கடையில் ஆப்பிள், சண்டைக்குப் பிறகு மன்னிப்பு. விளையாட்டுச் செய்தியில் வரும் 'யொன்பே' மட்டும் பொல்லாதது: தொடர் தோல்வியும் அதுதான், தொடர்ந்து கோப்பை வெல்வதும் அதுதான். அங்கே மட்டும் பத்திரிகைக்காரர்களே பக்கத்தில் சீன எழுத்தைப் போட்டுவிடுவதுண்டு.

எழுத்தை விடுங்கள், அசைகளைக் குடும்பமாகப் பிடியுங்கள். 'செங்சு' பாட்டில் தண்ணீர், 'ஹோங்சு' வெள்ளம், 'சுயொங்' நீச்சல், 'சுயோயில்' புதன்கிழமை: எல்லாவற்றிலும் அதே தண்ணீர்ச் 'சு'. ஆனால் 'சுகொன்' துண்டு. அதில் இருப்பது கை என்ற 'சு'. சந்தேகம் வந்தால் கூட வேலை செய்பவரிடம் "எந்தச் சு?" என்று கேளுங்கள். "முல் சு" என்பார். 'முல்' என்றால் அவர்கள் சொந்தச் சொல்லில் தண்ணீர். கைக்கு "சொன் சு". பொருளை முன்னே வைத்துச் சொல்வதுதான் அவர்கள் வழக்கம்.

அப்புறம், அந்த பில்லைக் கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள்.