கேம்பேட் வேலை செய்யாததற்கு டிரைவர்தான் காரணமா?

கேள்வி: பையனுக்காக 600 ரூபாயில் ஒரு யூஎஸ்பி கேம்பேட் வாங்கினேன். லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருக்கிறது. செருகியதும் சத்தம் வருகிறது, விளக்கும் எரிகிறது. ஆனால் விளையாட்டுக்குள் போனால் ஒரு பட்டனும் வேலை செய்யவில்லை. பெட்டியில் இருந்த சிடியைப் போட லேப்டாப்பில் வழியில்லை. இதற்கான டிரைவரை எங்கே டவுன்லோடு செய்வது?

பதில்: எங்கேயும் செய்ய வேண்டாம். கீபோர்டு, மவுஸ் மாதிரி கேம்பேடுக்கும் பொதுவான டிரைவர், அதாவது செருகிய கருவியோடு பேச விண்டோஸுக்கு உதவும் சாஃப்ட்வேர், விண்டோஸிலேயே இருக்கிறது. சிடியில் இருப்பது பெரும்பாலும் அதிர்வு மோட்டாருக்கான பழைய சாஃப்ட்வேர்தான், அது இல்லாமலே பட்டன்கள் வேலை செய்யும். 'உங்கள் டிரைவர்கள் பழையவை, இங்கே சொடுக்குங்கள்' என்று பயமுறுத்தும் தளங்கள் பக்கமே போகாதீர்கள். கேம்பேடைச் சரிசெய்யப் போய் லேப்டாப்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

முதலில் கேம்பேடைச் சோதித்துவிடுவோம். ஸ்டார்ட் மெனுவில் 'கேம் கன்ட்ரோலர்ஸ்' என்று ஆங்கிலத்தில் தேடினால் 'செட் அப் யூஎஸ்பி கேம் கன்ட்ரோலர்ஸ்' என்று ஒன்று வரும். அதைத் திறந்து, உங்கள் கேம்பேடின் பெயரைத் தேர்ந்தெடுத்து, 'ப்ராப்பர்ட்டீஸ்' அழுத்துங்கள். பட்டனை அழுத்தும்போது திரையில் எண்கள் ஒளிர்ந்தால் கேம்பேடும் சரி, டிரைவரும் சரி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இந்தச் சோதனையில் அது தேறிவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

பெயரே வராவிட்டால் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். நடுவில் ஹப் (ஒரு போர்ட்டைப் பல போர்ட்டுகளாக்கும் பெட்டி) இருந்தால் அதை எடுத்துவிட்டு நேரடியாக லேப்டாப்பில் செருகுங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட்-கிளிக் செய்தால் வரும் டிவைஸ் மேனேஜரில், கேம்பேடுக்கான வரியில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் அந்த வரியை 'அன்இன்ஸ்டால்' செய்து, கேம்பேடைக் கழற்றி, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து மறுபடி செருகுங்கள். விண்டோஸ் தானாகவே டிரைவரை நிறுவிக்கொள்ளும்.

சரி, சோதனையில் எல்லாம் ஒளிர்கிறது, விளையாட்டில் மட்டும் அசையவில்லை என்றால்? விண்டோஸில் கேம்பேடோடு பேச இரண்டு முறைகள் இருக்கின்றன. பழையது டைரக்ட்இன்புட். இதில் பட்டன்களுக்கு 1, 2, 3 என்று எண்கள்தான் உண்டு. எந்த எண் எந்த வேலைக்கு என்பது கேம்பேடுக்குக் கேம்பேடு மாறும். 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்இன்புட் என்ற புதிய முறையைக் கொண்டுவந்தது. ஏ, பி, எக்ஸ், ஒய், இரண்டு ஸ்டிக், இரண்டு ட்ரிகர் என எல்லாமே அதில் முன்கூட்டியே முடிவானவை. விளையாட்டை உருவாக்குபவர்களுக்கு இது வசதி என்பதால், அதற்குப் பிறகு வந்த பல விளையாட்டுகள் எக்ஸ்இன்புட்டை மட்டுமே பார்க்கின்றன. உங்கள் கேம்பேட் பழைய முறையில் பேசினால் அவற்றுக்கு அது இருப்பதே தெரியாது. டிரைவரை நூறு முறை நிறுவினாலும் இது மாறாது.

பல மலிவு கேம்பேடுகளில் இரண்டு முறைகளுமே இருக்கும், பெட்டியில்தான் அதைச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நடுவில் 'ஹோம்', 'மோட்' அல்லது 'அனலாக்' என்று ஒரு பட்டன் இருந்தால் ஐந்து நொடி விடாமல் அழுத்திப் பாருங்கள். சில மாடல்களில் பின்புறம் எக்ஸ், டி என்று குறித்த சின்ன சுவிட்ச் இருக்கும். லாஜிடெக் எஃப்310 அப்படித்தான். முறை மாறியதும் முன்பு சொன்ன பட்டியலில் பெயர் 'எக்ஸ்பாக்ஸ் 360' என்று மாறினால் வேலை முடிந்தது.

மாறவில்லையா? கம்ப்யூட்டர் விளையாட்டுகளை வாங்கி விளையாட உதவும் ஸ்டீம் என்ற சாஃப்ட்வேர் வழியாக விளையாடலாம். அதன் செட்டிங்ஸில் 'கன்ட்ரோலர்' பகுதிக்குப் போய், ஜெனரிக் (பொதுவான) கன்ட்ரோலர்களுக்கான 'ஸ்டீம் இன்புட்' வசதியை இயக்கி, எந்தப் பட்டன் எது என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும். ஸ்டீமில் வாங்காத விளையாட்டையும் 'நான்-ஸ்டீம் கேம்' என்று சேர்த்து அதற்குள்ளிருந்தே தொடங்கலாம். எக்ஸ்360சிஇ போன்ற சாஃப்ட்வேர்களும் பழைய முறையை எக்ஸ்இன்புட்டாக மாற்றித் தருகின்றன. ஆனால் ஆன்லைன் போட்டி விளையாட்டுகளில் அவற்றை ஏமாற்று வேலை என்று சந்தேகிக்க வாய்ப்புண்டு. ஸ்டீம் இன்புட்டையும் எக்ஸ்360சிஇயையும் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். ஓட்டினால் ஒரு முறை அழுத்தியதற்கு இரண்டு முறை குதிக்கும்.

அப்புறம், கேம்பேடைச் செருகிய பிறகே விளையாட்டைத் திறங்கள். தொடங்கும்போது மட்டும் கேம்பேடைத் தேடுகிற விளையாட்டுகள் இன்னும் இருக்கின்றன. ஸ்டிக்கைத் தொடாமலே விளையாட்டில் வரும் பாத்திரம் ஒரு பக்கமாக நகர்ந்தால், அதே 'ப்ராப்பர்ட்டீஸ்' பெட்டியில் 'செட்டிங்ஸ்' தாவலுக்குப் போய் 'காலிப்ரேட்' செய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஸ்டிக்கிலேயே பழுது. புதிதாக வாங்கியது என்பதால் கடையில் கொடுத்து மாற்றிக் கேளுங்கள், மாற்றும்போது எக்ஸ்இன்புட் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.